பல் பிடுங்கிய புண் ஆறுமா?

சர்க்கரை நோய் உள்ளவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டால் புண் ஆறவே ஆறாது என்னும் பேச்சு நம் வீடுகளில் வேதவாக்காகிவிட்டது. அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்தானது என்பது என் கருத்து.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். பல்லை எடுத்தவுடன் அந்தக் குழியில் இரத்தம் நிறைந்து உறைகிறது. இயற்கையே கட்டிவிடும் கட்டு அது. ஒரு வார காலத்தில் அதனுள் நுண்ணிய இரத்தக் குழாய்களும் புதுத் திசுவும் வளர்கின்றன. சில வாரங்களில் ஈறு மூடிக்கொள்கிறது. அடியில் எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இவ்வளவு வேலையும் தடைப்படுகிறது. கிருமிகளை விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமடைகின்றன. நுண்குழாய்கள் கெட்டிருப்பதால் புண்ணுக்குப் போதிய இரத்தம் எட்டுவதில்லை. திசுவுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் சரிவர உருவாவதில்லை.

ஆனால் இவையெல்லாம் கட்டுக்கடங்காத சர்க்கரையின் விளைவுகள். சர்க்கரை நோய் என்ற பெயரின் விளைவுகள் அல்ல! நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குப் புண் ஏறக்குறைய மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. இதைத் திண்ணையில் எவரும் சொல்வதில்லை.

விளைவு என்ன? என் பெரியப்பா சொத்தைக் கடைவாய்ப் பல் ஒன்றை இரண்டு ஆண்டுகள் வாயிலேயே வைத்திருந்தார். கன்னம் வீங்கும், கிராம்புத் தைலம் வைப்பார், வடியும், மறுபடி வீங்கும். மாத்திரையின் அளவு கூடிற்றே தவிரச் சர்க்கரை இறங்கவில்லை. உடலில் எங்கே சீழ் பிடித்திருந்தாலும் இன்சுலினின் ஆற்றல் குன்றும், சர்க்கரை ஏறும் என்பதை அவர் அறியார். மாத்திரை எழுதிக் கொடுத்தவரோ ஒரு நாளும் அவரை வாயைத் திறக்கச் சொன்னதில்லை. புண் ஆறாது என்று அஞ்சி, ஆறாத புண்ணையே வாயில் வளர்த்து வந்தார்!

ஆகவே, புண்ணை ஆற்றும் வேலை மருத்துவர் குறட்டைக் கையில் எடுக்குமுன்பே தொடங்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சில நொடிகளில் சர்க்கரையை அளக்கும் கருவி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. பல் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் அது இருக்க வேண்டும். வயது முதிர்ந்தோர் எவராயினும் சோதித்த பின்பே பல்லைத் தொட வேண்டும். தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர் எத்தனையோ பேர்! இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. நோயாளியும் வெறும் வயிற்றோடு போகலாகாது. காலையில் உண்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டே செல்லுதல் நலம். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து நாற்காலியிலேயே மயக்கம் வரும்.

கிருமிக்கொல்லி மாத்திரைகளை விழுங்கினால் போதும் என்பார் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுப்பாட்டில் உள்ளவர் எல்லோருக்கும் அவை தேவையில்லை. கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு அவை கட்டுப்பாட்டின் இடத்தை நிரப்பா. நோயாளியின் சொந்த இரத்தத்தையே சுழற்றி, அதில் திரளும் ஃபைப்ரின் சவ்வைக் குழியில் வைக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ஷுக்ரூன் 2001இல் வெளியிட்டார். நல்ல முறைதான், ஆயினும் சர்க்கரையை அடக்காமல் இதை நாடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைப்பது போலாகும்.

பிடுங்கிய பின் நம் வழக்கத்தைப் பாருங்கள்: ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட பழச்சாறு, வேளைக்கு வேளை அரிசிக் கஞ்சி! புண்ணுக்கு இதமென்று எண்ணிச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறோம். மோர், குழைந்த பருப்பு, மசித்த முட்டை மெல்ல வேண்டாதவைதாமே? முதல் நாள் முழுதும் கொப்பளிப்பதும் துப்புவதும் கூடா, உறைவு பெயர்ந்துவிடும். பீடியும் புகையிலையும் அறவே ஆகா.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் சகோதரி ஒவ்வொரு முறையும் ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பல்லையும் ஈறையும் பார்த்து, சொத்தையோ சீழோ தென்பட்டால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரலாம். ஒரு டார்ச் விளக்குக்கு அரசுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?