புதுக்கலும் புனைதலும்

பழைய வீட்டில் வாழும் ஒருவர், கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவார். சுவர் வெடித்தால் சாந்து பூசுவார். கடைக்காலே அமிழ்ந்துவிட்டதெனின் வீட்டைப் பிரித்துக் கட்டுவார். எவ்விடத்துப் பூச்சுப் போதும், எவ்விடத்துப் புதிய கடைக்கால் வேண்டும் என ஆராய்ந்து அறிதலே அறிவுடைமையாகும். இவ்வுண்மை, இளைஞர் விளையாடி மகிழும் கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் என் பெயரன் என்னிடம் வந்தான். பத்தாம் வகுப்பில் தேறினால் ஒரு தொகை தருவதாக அவனுக்கு யான் வாக்களித்திருந்தேன். "தாத்தா, நம் வீட்டுக் கணிப்பொறியில் புதிய விளையாட்டுகள் ஓடவில்லை. இதனை விற்றுவிட்டு, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, நானே ஒன்று அமைத்துக்கொள்ளட்டுமா?" என்றான். அவன் தந்தையோ, "நன்றாக இருக்கும் பொறியை ஏன் விற்க வேண்டும்? ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகினால் போதாதா, அப்பா?" என்றான். இலக்கணம் கற்பித்தே முதுமை எய்திய யான் யாது கூறுவேன்? "முதலில் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்றேன்.

அது நிறுவனம் ஒன்று முன்னரே இணைத்து விற்ற பொறி. அதன் மின்வழங்கியின்மேல் 240 வாட் என அச்சிட்டிருந்தது. தந்தை கருதிய கார்டோ 8 முனைகள் உள்ள தனி மின்கம்பியை வேண்டுவது. அக்கம்பி 150 வாட் வரை தருவதற்கென வகுக்கப்பட்டது. அத்தகைய கம்பியே எங்கள் பெட்டியில் இல்லை. மின்வழங்கியை மாற்றலாமெனின், அதன் வடிவும் செருகுமுனையும் அந்நிறுவனம் தனக்கெனவே அமைத்துக்கொண்டவை. கடையில் கிடைக்கும் பொதுவகை அதனுள் பொருந்தவில்லை.

மொழிக்கு இலக்கணம் எத்தகையதோ, பொறிக்குப் பொது அளவு அத்தகையது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியில், பிறர் செய்த அட்டைகளையும் செருகுதற்கு இடம் இருந்தது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த பெட்டியிலும், வேறொருவர் செய்த மின்வழங்கியோடும் பொருந்துவது இவ்வளவுமுறையால் அன்றோ? இம்முறையினின்று விலகிய பொறியை வாங்கியோர், பின்னாளில் அதனை வளர்க்க விரும்பின் இடர்ப்படுவர்.

அங்ஙனமாயின் பழைய பொறியை எறிந்துவிடுவதா? அன்று. மதர்போர்டின் செருகுவாய் தானே 75 வாட் வரை மின்சாரம் தர வல்லது. அவ்வெல்லைக்குள் இயங்கும் கார்டுகளும் உள. ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை 70 வாட்டே கொள்வது. ரேமை 8 ஜி.பி.யினின்று 16 ஆக உயர்த்துதலும் எளிது. பழைய வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. வைத்தால் விளையாட்டு விரைந்து திறக்கும். ஆயினும் திரையில் ஓடும் காட்சியின் வேகம் அதனால் பெரிதும் உயராது. இதனை அறியாது பொருளைச் செலவிட்டு ஏமாறுவோர் பலர்.

புதிதாய்ப் புனைதலின் சிறப்பையும் யான் மறுக்கவில்லை. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேவைக்கேற்ற உறுப்புகளைத் தேர்ந்து வாங்கலாம். பின்னர் ஒவ்வொன்றாக உயர்த்தலாம். ஆனால், செலவு ஒருங்கே வந்து சேரும். பிராசசரும் மதர்போர்டும் பொருந்தாவிடின் பிழை நம்முடையதே. பழுது நேர்ந்தால் எவ்வுறுப்பால் நேர்ந்தது என நாமே தேடவேண்டும்.

ஆதலின் என் கருத்து இது: ஓர் உறுப்பையோ இரண்டையோ மாற்றினால் குறை தீருமெனின் புதுக்குக. மின்வழங்கி, மதர்போர்டு, பிராசசர் மூன்றையும் மாற்றவேண்டுமெனின், அது பழைய பெட்டிக்குள் புதுப் பொறியைத் திணிப்பதாகும். அந்நிலையில் புதிதாகவே புனைக. எதனைச் செய்யினும், திறந்து பார்த்து அறிந்த பின்னரே பணப்பையைத் திறக்க. மின்தொடர்பை அறுத்த பின்னரே பெட்டியில் கை வைக்க. மின்வழங்கியின் கூட்டை மட்டும் ஒருபோதும் திறவாதீர். தொடர்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருத்தல் உண்டு.

என் பெயரன் ரேமும் சிறிய கார்டும் வாங்கித் தானே பொருத்தினான். மிகப் பெரிய விளையாட்டுகள் இன்னும் ஓடவில்லை, ஏனையவை ஓடுகின்றன. எஞ்சிய தொகையை அஞ்சலகத்தில் இட்டு வைத்துள்ளான். அதனோடு மேலும் சேர்த்து, கல்லூரியில் சேரும்போது புதியதொன்று புனைவானாம். "அப்போது இந்தப் பழைய பொறி யாருக்கு?" என வினவினேன். "தங்கைக்கு" என்றான்.

மாணவர்களே! பொறியை வாங்குதற்குப் பொருள் போதும். அதனை ஆளுதற்கோ அறிவு வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் யாது உளது என்பதை நீங்கள் அறிவீர்களா?