“செய்யக் கூடாது!”



கூடைப்பந்தாட்டத்தை 1891-ஆம் ஆண்டு வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கே பயின்றவர் எர்னஸ்ட் குவிக்லி. 1880-இல் கனடாவில் பிறந்த இவர், கான்சாசில் இயேசு சபையார் நடத்திய தூய மரியன்னை கல்லூரியில் பயிற்சியாளராகத் தொண்டாற்றினார். கூடைப்பந்து நடுவராகப் பல்லாண்டுகள் புகழோடு விளங்கினார்.

தவறிழைத்தவரைச் சுட்டிக்காட்டி, “அவ்வாறு செய்யக் கூடாது!” என்று அரங்கமே அதிர முழங்குவது இவர் வழக்கம். யார் செய்த பிழை, என்ன பிழை என்பது கடைசி வரிசையினருக்கும் விளங்கிவிடும்.

பேஸ்பால் ஆட்டத்திலும் இவர் நடுவரே. 1919-ஆம் ஆண்டின் ‘உலகத் தொடர்’ போட்டியில் களத்தில் நின்ற நால்வருள் இவரும் ஒருவர். சிகாகோ அணியினர் சிலர் சூதாடிகளிடம் விலைபோய், வேண்டுமென்றே தோற்ற போட்டி அது! அதன் பொருட்டு எண்மர் 1921-இல் ஆட்டத்தினின்றே விலக்கப்பட்டனர்.

கை செய்யும் பிழைக்கு நடுவர் விசில் ஊதலாம். உள்ளத்தில் நடக்கும் பேரத்திற்கு யார் ஊதுவது?

குவிக்லி 1960-இல் மறைந்தார். மறு ஆண்டே கூடைப்பந்துப் புகழரங்கில் அவர் பெயர் இடம்பெற்றது. பெற்றோரே, நம் பிள்ளைகள் ஆடும் களங்கள் எல்லாவற்றிலும் நாம் உடன் நிற்க இயலாது. “செய்யக் கூடாது” என்னும் குரல் அவர்கள் உள்ளத்திலேயே ஒலிக்க வேண்டும். அக்குரலைப் பழக்கும் இடம் இல்லமே.