மாத்திரை மட்டும் போதாது!

ஜவ்வாது மலையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேர் குடலில் புழு, பெரும்பாலும் கொக்கிப்புழு!

வெட்டவெளி மலத்திலிருந்து மண்ணில் பொரித்து, வெறுங்கால் வழியே உடலில் ஏறி, குடலில் தங்கி ரத்தம் குடிக்கும் புழு அது. ரத்தம் வற்றியவன் சோர்ந்து உட்கார்ந்தால், ‘சோம்பேறி’ என்கிறான் மேஸ்திரி.

2017-ல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வில், இம்மலையிலும் திமிரி வட்டாரத்திலும் பல ஊர்களில் சிறியவர், பெரியவர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நாம் இதை வரவேற்கிறோம். ஆனால், மாத்திரை குடலைத்தான் சுத்தம் செய்யும், மண்ணைச் செய்யாது. புழு திரும்ப வரும்.

ஆய்வுக்கு உடன்பட்ட மலைமக்களுக்கு அதன் முடிவைத் தமிழில் சொல்லுங்கள்! தண்ணீருள்ள கழிப்பறையும் காலுக்குச் செருப்பும் கொடுங்கள்!

தோழர்களே! மில்லிலும் வயலிலும் உழைக்கும் நாம் இக்கோரிக்கைக்குத் தோள் கொடுப்போம்.