வெளிநாட்டில் படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் பெறுவது எப்படி? அமெரிக்கா, ஜெர்மனி விதிகள் என்ன சொல்கின்றன?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியாப்பா?" அடுத்த கேள்வி, "இன்டர்ன்ஷிப் ஏதாச்சும் அமைஞ்சுதா?"

வங்கியில் கல்விக் கடன் வாங்கி, போதாததற்கு நகையையோ நிலத்தையோ அடமானம் வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய பல வீடுகளில் வாராவாரம் நடக்கும் உரையாடல் இது. கேள்வி சின்னதுதான். ஆனால், அதற்குப் பின்னால் ஒரு கெடு இருக்கிறது. கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும், படிப்பு முடிந்து ஓர் ஆண்டும் வரைதான் தவணை கட்டாமல் இருக்கலாம். அதன் பிறகு மாதாமாதம் கட்டியாக வேண்டும். அதற்குள் வேலையில் அமர வேண்டும் என்றால், படிக்கும்போதே கிடைக்கும் இன்டர்ன்ஷிப்தான் முதல் படி.

எங்கே, எப்போது தேடுவது? எந்த அனுமதி தேவை? எதைச் செய்தால் விசாவுக்கே ஆபத்து? இந்திய மாணவர்கள் அதிகம் போகும் அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் நடைமுறை இது.

இப்போது ஏன் இது பெரிய கேள்வி?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்ததாக ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கை சொல்கிறது. இதில் சுமார் 97,500 பேர் படிப்பை முடித்து, ‘ஓபிடி’ என்ற பயிற்சி வேலை அனுமதியில் இருந்தவர்கள். அதாவது, ஒரே வகையான வேலைக்கு, ஒரே வகையான படிப்புடன், ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் விண்ணப்பிக்கிறது.

இதோடு 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பிரகடனம் வெளியிட்டார். மாணவர் விசாவில் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது என அந்நாட்டுக் குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கம் அளித்தது. அங்கேயே படித்து, அங்கேயே இன்டர்ன்ஷிப் செய்து, அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் வழிக்கு மதிப்பு கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிபிடி, ஓபிடி: என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே வேலை என்றால் தனி அனுமதி வேண்டும். இன்டர்ன்ஷிப்புக்கு முக்கியமான வழிகள் இரண்டு.

முதலாவது சிபிடி. படிப்பின் ஒரு பகுதியாகச் செய்யும் பயிற்சி இது. இதற்கான அனுமதியைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள ‘டிஎஸ்ஓ’ என்ற பொறுப்பு அதிகாரி தருகிறார். எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழுநேரமா பகுதிநேரமா என்ற விவரம் மாணவரின் ஐ-20 படிவத்தில் அச்சாகி வரும். அது வந்த பிறகுதான் வேலையில் சேர முடியும். கம்பெனி மாறினால் மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டாவது ஓபிடி. பெரும்பாலானவர்கள் இதைப் படிப்பு முடிந்த பிறகு பயன்படுத்துகிறார்கள். இதற்கு அனுமதி தருவது குடியேற்றத் துறை. மொத்தம் 12 மாதங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய ‘ஸ்டெம்’ பிரிவுகளில் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதங்கள் நீட்டிப்பு கிடைக்கும். படிக்கும்போதே ஓபிடி எடுக்கவும் வழி உண்டு. ஆனால் அப்படி எடுக்கும் நாள்கள் அந்த 12 மாதக் கணக்கிலிருந்து கழியும்.

கவனிக்காமல் விடும் ஒரு கணக்கு

முழுநேர சிபிடியை 12 மாதங்கள் அல்லது அதற்கு மேல் செய்தால், அந்தப் பட்டத்துக்கான ஓபிடி வாய்ப்பே போய்விடும். பகுதிநேர சிபிடிக்கு இந்தத் தடை இல்லை. ‘இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சுக்கலாமே’ என்று மேலாளர் கேட்கும்போது சரி என்று தலையாட்டும் முன், இதுவரை எத்தனை மாதங்கள் முழுநேரமாக ஓடியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். ஒரு மாத சம்பளத்துக்காக மூன்று ஆண்டு வேலை வாய்ப்பை இழக்க நேரிடலாம்.

ஆகஸ்டில் சேர்வதா, ஜனவரியில் சேர்வதா?

சிபிடி பெற, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு, அதாவது இரண்டு செமஸ்டர்கள், முடித்திருக்க வேண்டும். பயிற்சியை உடனே தொடங்கியாக வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்லும் சில முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆகஸ்டில் எம்.எஸ். சேரும் மாணவருக்கு மே மாதம் வரும்போது இரண்டு செமஸ்டர்கள் முடிந்திருக்கும். முதல் கோடை விடுமுறையிலேயே இன்டர்ன்ஷிப் போகலாம். ஜனவரியில் சேர்பவருக்கு மே மாதம் ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கும். முதல் கோடை பெரும்பாலும் கைநழுவிப் போகும். அடுத்த கோடை வரும்போது படிப்பு முடியும் கட்டம் நெருங்கியிருக்கும். ‘எப்ப சேர்ந்தா என்ன, பட்டம் ஒண்ணுதானே’ என்று நினைத்து ஜனவரி சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் வைப்பது நல்லது.

தேடலை எப்போது தொடங்க வேண்டும்?

கோடை இன்டர்ன்ஷிப் என்றதும் மார்ச், ஏப்ரலில் தேடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் அடுத்த கோடைக்கான அறிவிப்புகளை முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வெளியிடத் தொடங்கிவிடும். ஊரிலிருந்து போய் இறங்கி, வீடு பார்த்து, பாத்திரம் பண்டம் வாங்கி முடிக்கும் அதே வாரங்களில் விண்ணப்பக் காலமும் தொடங்கிவிடுகிறது. அதனால் ரெஸ்யூமே விமானம் ஏறும் முன்பே தயாராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் புகைப்படம், பிறந்த தேதி, மதம், தந்தை பெயர் எதுவும் இல்லாமல் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் மாணவர்களிடையே வழக்கம்.

சிறிய, நடுத்தர நிறுவனங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரைகூட ஆள் எடுக்கும். பெரிய பெயர்களை மட்டும் துரத்திவிட்டு டிசம்பரில் மனம் உடைந்து போகிறவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது அலையைத்தான்.

எங்கே தேடுவது?

பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையம்தான் முதல் இடம். பல பல்கலைக்கழகங்கள் ‘ஹேண்ட்ஷேக்’ என்ற தளத்தைப் பயன்படுத்துகின்றன. மாணவர் கணக்கில் நுழைந்தால், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் எடுக்க விரும்பும் நிறுவனங்களின் அறிவிப்புகள் கிடைக்கும். இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் வளாகத்தில் வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கும்.

அடுத்து, பேராசிரியர்கள். ஆய்வு உதவியாளர் வேலை வளாகப் பணியாகவே கருதப்படுவதால் அதற்கு சிபிடி தேவையில்லை. சம்பளம் கொஞ்சமாக இருந்தாலும், ரெஸ்யூமேயில் அமெரிக்க அனுபவம் என்று ஒரு வரி ஏறும்.

மூன்றாவது, முன்னாள் மாணவர்கள். லிங்க்டுஇன்னில் "வேலை வாங்கிக் கொடுங்க அண்ணா" என்று எழுதினால் பதில் வருவது அரிது. அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு குறிப்பான கேள்வி கேட்டு, 15 நிமிடம் பேச நேரம் கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பரிந்துரை தானாகக் கேட்டு வருவதைவிட, பேசிய பிறகு வரும்போது வலுவாக இருக்கும்.

பாதுகாப்புத் துறை சார்ந்த பல பணியிடங்களில் அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டுமே சேர முடியும். அறிவிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் வீண் உழைப்பு மிச்சம்.

ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

"இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். 'இல்லைன்னு போட்டுடு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் யோசனை வரும். சேரும் நேரத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கும்போது உண்மை தெரிந்துவிடும். கிடைத்த வாய்ப்பும் போகும்.

உண்மையைச் சொல்லியே பேசலாம். சிபிடிக்காக நிறுவனம் குடியேற்றத் துறைக்கு எந்த மனுவும் போட வேண்டாம். கட்டணமும் கிடையாது. ஒரு நியமனக் கடிதம் போதும், மீதியைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். இது தெரியாமலேயே வெளிநாட்டு மாணவர்களை ஒதுக்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிப் பிடித்தம் இல்லை. அதனால் நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய 7.65 சதவீதமும் மிச்சம். மாணவரின் சம்பளத்தில் இந்த வரியைத் தவறுதலாகப் பிடித்திருந்தால், அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

‘டே-1 சிபிடி’ ஏன் ஆபத்து?

சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழுநேர வேலை செய்யலாம் என்று சில கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. விலக்கு விதி ஒன்று இருப்பதால் இதை ஒட்டுமொத்தமாகச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு பெயருக்கு, வேலைதான் முழுநேரம் என்ற நிலை இருந்தால், பின்னாளில் எச்-1பி விண்ணப்பத்தின்போது அதிகாரிகள் அதைத் தோண்டிக் கேட்பார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்ற பெயரில் அமெரிக்க அதிகாரிகளே ஒரு போலிப் பல்கலைக்கழகத்தை நடத்தினார்கள். வகுப்பே இல்லாமல் வேலை அனுமதிக்காக மட்டும் சேர்பவர்களைப் பிடிப்பதற்காக என்று அவர்கள் சொன்னார்கள். 2019 ஜனவரியில் விவகாரம் வெளியே வந்தபோது முதற்கட்டமாகக் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். கட்டணம் கட்டியவர்களுக்குப் பணமும் போனது, விசாவும் போனது.

ஜெர்மனியில் எப்படி?

ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள், 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். படிப்போடு சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அதே துறையில் செய்யும் வேலையை ‘வெர்க்ஸ்டூடன்ட்’ என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பேராசிரியரின் துறையில் மாணவ உதவியாளராக இருந்தால், அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது.

இன்டர்ன்ஷிப்பிலும் இரண்டு வகை உண்டு. பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்று எழுதப்பட்ட பயிற்சி முதல் வகை. இது நாள் கணக்கில் வராது. அதேநேரம், இதற்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. தானாக விரும்பிச் செய்யும் பயிற்சி இரண்டாவது வகை. இது நாள் கணக்கில் வரும். மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் குறைந்தபட்சக் கூலியும் தர வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அது மணிக்கு 13.90 யூரோ. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ‘கட்டாயமா, விருப்பமா?’ என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் பேசுவது பெரும்பாலும் ஜெர்மன். மென்பொருள் துறையில் ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாம். இயந்திரவியல், மோட்டார் வாகனம், கட்டுமானம் போன்ற துறைகளில் பி1, பி2 அளவு ஜெர்மன் தெரிந்தவருக்கே கதவு எளிதில் திறக்கும். சென்னையிலோ கோவையிலோ விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள், இதைப் படிக்கக் கிடைக்கும் நல்ல நேரம். படிப்பு முடிந்த பிறகு வேலை தேட 18 மாதங்கள் வரை தங்கலாம்.

சம்பளம் இல்லை என்றால் அனுமதி வேண்டாமா?

‘காசு வாங்கலையே, அப்புறம் எதுக்கு சிபிடி?’ என்பது பரவலான தவறான எண்ணம். தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேவை செய்வது வேறு, லாப நோக்கில் இயங்கும் நிறுவனத்தில் சம்பளமில்லாமல் இன்டர்ன் ஆக இருப்பது வேறு. இரண்டாவதற்கும் அனுமதி தேவைப்படலாம் என்பதால், டிஎஸ்ஓவிடம் கேட்காமல் சேரக் கூடாது.

அதேபோல, இன்டர்ன்ஷிப் தருவதாகச் சொல்லி பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று மாணவரிடமே பணம் கேட்கும் ஏஜென்சிகளிடமிருந்து விலகி நிற்பது நல்லது. வேலை செய்யாமலே வேலை செய்ததாகக் கடிதம் தருகிறோம் என்பவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்கள்தான் அனுமதி என்பதால், அந்த நாள்கள் கரையும் பதற்றத்தில் இப்படிப்பட்டவர்களிடம் சிக்குகிறார்கள். போலிக் கடிதம் பின்னாளில் மோசடியாகவே பதிவாகும்.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன?

எத்தனை விண்ணப்பம் போட்டாலும் பதிலே வராத மாதங்கள் எல்லோருக்கும் உண்டு. "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைச்சிடுச்சாமே" என்ற ஒரு வார்த்தை, ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் மாணவரைக்கூட குறுக்குவழியின் பக்கம் தள்ளிவிடும்.

இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது என்று போன் வந்தால் சந்தோஷப்படலாம், சொந்தக்காரர்களுக்கும் சொல்லலாம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுவிடுவது நல்லது: "ஐ-20ல ஏறிடுச்சாப்பா?" அது ஏறும்வரை அந்த வேலை கையில் இல்லை என்றுதான் அர்த்தம்.