மின்னஞ்சலில் வந்த பொறி

2016 ஜூன் 13 அன்று மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரோனா வில்சனுக்கு, அறிமுகமான ஒருவரின் முகவரியிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. இணைப்பிலிருந்த கோப்பை அவர் திறந்ததும் ‘நெட்வயர்’ எனும் தீங்கிழைக்கும் மென்பொருள் அவரது கணினிக்குள் புகுந்தது. ஏறத்தாழ 22 மாதங்கள் அக்கணினி வேறொருவர் பிடியில் இருந்தது. அவருக்கு எதிராகச் சான்றாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அவ்வழியேதான் அதில் வைக்கப்பட்டன. பீமா கோரேகான் வழக்கின் மின்னணுச் சான்றுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் வெளியிட்ட முடிவு இது. தேசியப் புலனாய்வு முகமை இதனை ஏற்கவில்லை. எனினும், கணினிக்குள் புகுந்தவர் யார் என்ற கேள்விக்கு அரசிடமிருந்து விடை வரவில்லை. 2018 ஜூனில் கைதான வில்சனுக்கு 2025 ஜனவரியில்தான் பிணை கிடைத்தது.

ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் 40க்கும் மேற்பட்ட கோப்புகள் இவ்வாறே புகுத்தப்பட்டிருந்தன என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் கூறியது. அதைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. பிணைக்குப் போராடியவாறே, 2021 ஜூலை 5 அன்று, 84ஆவது வயதில் காவலிலேயே மறைந்தார்.

இத்தகைய மென்பொருள் திரையில் எந்த அறிகுறியும் காட்டாது. விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும், கோப்புகளைத் திருடும், இல்லாத கோப்பைக் கொண்டுவந்து வைக்கவும் செய்யும். வங்கிப் பணத்தைப் பறிப்போர் கையாளும் அதே கருவி, மாற்றுக் கருத்தாளரைக் குற்றவாளியாக்கவும் பயன்படுகிறது.

எனவே கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஒழுங்கின் ஒரு பகுதியாக வேண்டும். எதிர்பாராமல் வரும் கோப்பை, தோழர் பெயரில் வந்தாலும், அவரிடம் தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை நிறுவலாகாது. இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குகளுக்கும் வைக்காமல், இரட்டைச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். முகவரி தெரியாத பென் டிரைவ் அலுவலகக் கணினியில் நுழையக் கூடாது. முக்கிய ஆவணங்களின் நகல் இணையத்தோடு இணையாத வட்டில் இருக்க வேண்டும்.

ஆனால் தனிமனித எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. எதையும் தொடாமலேயே கைபேசிக்குள் புகக்கூடியது பெகாசஸ். அரசுகளுக்கு மட்டுமே அதை விற்பதாக இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனமே சொல்கிறது. உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, 5இல் தீங்கிழைக்கும் மென்பொருள் இருப்பதைக் கண்டது. அது பெகாசஸ்தான் என உறுதிசெய்ய இயலவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை அக்குழுவே பதிவு செய்தது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, விரும்பும் அரசு முகமைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே வழங்கியுள்ளது.

பெகாசஸை வாங்கியதா இல்லையா என்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவாகக் கூற வேண்டும். வேவு பார்ப்பதை நீதித்துறையின் முன்அனுமதிக்கு உட்படுத்தும் சட்டம் வேண்டும். மின்னணுச் சான்றுகளைச் சார்பற்ற வல்லுநர்கள் ஆராய்ந்த பிறகே அவற்றின் அடிப்படையில் எவரையும் சிறையில் வைக்கலாம் என்ற நிலை உருவாக வேண்டும். கிளைக் கூட்டங்களில் பாதுகாப்புப் பயிற்சியை நடத்துவதோடு, இக்கோரிக்கைகளையும் மக்களிடம் கொண்டு செல்வோம்.