தோட்டா வாங்கும் கணக்கு

விழிஞ்ஞம் கரையில் நின்றால் உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம் அது. அதே திருவனந்தபுரத்தின் மறுகோடியில், வட்டியூர்க்காவில், இன்னொரு கட்டுமானம்: 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக உருவான துப்பாக்கி சுடும் தளம். 2017 டிசம்பரில் தேசிய சாம்பியன்ஷிப் இந்த நகரில் நடந்தபோது, ஹரியானாவிலிருந்து வந்த 15 வயதுப் பள்ளி மாணவி ஒருவர் 9 தங்கப் பதக்கங்களை அள்ளிக்கொண்டு போனார். பெயர் மனு பாக்கர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலம் வென்றவர் இவர்தான்.

தளம் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. விழிஞ்ஞத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி அதே வழியில் போக நினைத்தால் குறுக்கே நிற்பது என்ன? கைநடுக்கம் அல்ல, தோட்டாவின் விலை.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் வரை பெரிய சிக்கல் இல்லை. 4.5 மி.மீ. ஈயக்குண்டு மலிவு. 25 மீட்டர் போட்டிக்கு வரும்போதுதான் .22 தோட்டா தேவைப்படுகிறது. லைசென்ஸ், பதிவேடு, வாங்கும் அளவுக்கு வரம்பு என்று சட்டமும் கூடவே வருகிறது. ஒரு நாளைக்கு 100 தோட்டா, வாரத்தில் 5 நாள், வருடத்தில் 40 வாரம் என்று வைத்துக்கொண்டால் 20,000 தோட்டா. அதாவது, தோட்டாவுக்கு ஒரு ரூபாய் கூடினால் குடும்பத்துக்கு வருடம் 20,000 ரூபாய் கூடுதல் செலவு. நல்ல தோட்டா எது என்ற கேள்வி இங்கே வெறும் ரசனை சார்ந்த விஷயம் அல்ல.

விலை உயர்ந்ததே நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கிலாந்தின் ஈலே, ஃபின்லாந்தின் லாப்புவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆகியவற்றின் உச்சத் தரத் தோட்டாக்கள் பெயர் பெற்றவை. ஆனால் அவை யாருக்குத் தேவை? 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. அங்கே தோட்டாவின் சிறு பிசகும் புள்ளியைத் தின்றுவிடும். 25 மீட்டர் பிஸ்டலில் நிதானச் சுற்றின் பத்து வட்டம் 50 மி.மீ.; வேகச் சுற்றில் 100 மி.மீ. தாங்கியில் வைத்துச் சுடும்போது 25 மி.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும் நடுத்தரத் தோட்டாவே போதும். மிச்சத் தவறு கையினுடையது. அதை எந்தத் தோட்டாவும் திருத்தாது.

பிஸ்டல்காரருக்கு முக்கியம் நம்பகம். ஆண்களின் ரேப்பிட் ஃபயர் போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடி, பிறகு 6, கடைசியில் 4 விநாடிக்குள் சுட வேண்டும். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்றது இதில்தான். நான்கு விநாடிக்குள் ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலோ, கூடு வெளியேறாமல் சிக்கினாலோ மனம் குலைந்துவிடும். .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் பரவியிருக்கிறது. அது சீராகப் பரவாத இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. மலிவுச் சரக்கில் அடிக்கடி கெடுவது இதுதான்.

வேகமும் பொருந்த வேண்டும். பந்தயப் பிஸ்டல்களின் ஸ்பிரிங் பெரும்பாலும் சாதாரண வேகத் தோட்டாவுக்காக அமைந்தது. அதிவேகத் தோட்டா துப்பாக்கியை உலுக்கித் தேய்க்கும். மிக மெதுவானது அடுத்த தோட்டாவை ஏற்றாது. உருண்டை முனை ஈயக்குண்டு, 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடை, சாதாரண வேகம்: இந்த மூன்றும் உள்ளதே பாதுகாப்பான தேர்வு.

தேர்ந்தெடுக்கும் முறை எளிது. மூன்று வகையில் 50 தோட்டா கொண்ட பெட்டி ஒவ்வொன்று. வகை மாற்றும்போது குழலைத் துடைத்து, முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றின் மெழுகும் வேறு. பிறகு பத்துப் பத்தாகச் சுட்டுப் பரவலை அளந்து, சிக்கல்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேறியதை அதே தயாரிப்புத் தொகுதி எண்ணிலேயே மொத்தமாக வாங்குவது நல்லது. தொகுதி மாறினால் குணமும் மாறலாம். இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட கிளப் சேர்ந்து செய்தால் செலவு பங்காகும்.

கடலோரத்துக்கென்று ஒரு பாடம் உண்டு. உப்புக் காற்றில் பித்தளையில் களிம்பேறும். வெயிலில் மெழுகு இளகித் தூசி ஒட்டும். காற்றுப் புகாத பெட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், பூட்டிய அலமாரி. தோட்டாவுக்கு எண்ணெய் பூசவே கூடாது. உள்ளே இறங்கி மருந்தைக் கெடுக்கும். வெடிக்காத தோட்டா இருந்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிட மங்கலாகக் கேட்டால் அடுத்ததைச் சுடக் கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். பயிற்சியாளரை அழைத்துச் சோதித்த பிறகே மறுபடி சுட வேண்டும். காலாவதிச் சரக்கையும் கணக்கில் வராத சரக்கையும் மலிவென்று தொடுவது விரலையும் லைசென்ஸையும் சேர்த்து இழக்கும் வழி.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய சிக்கனம் சுடாமலே செய்யும் பயிற்சியில் இருக்கிறது. தோட்டாவின்றி விசையை இழுத்துப் பழகுவது உலகமெங்கும் வீரர்களின் அன்றாட வேலை. சில துப்பாக்கிகளில் வெறும் விசை இழுத்தால் ஊசி கெடும் என்பதால் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆனால் எல்லாச் சிக்கனத்தையும் அந்தப் பெண்ணே செய்ய வேண்டும் என்பது நியாயமா? நீலகிரியின் அருவங்காட்டில் நூற்றாண்டு கடந்த வெடிமருந்து ஆலை இருக்கிறது. அது சேர்ந்த மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனம் 2021 அக்டோபர் 1 முதல் புனேயிலிருந்து இயங்குகிறது. ராணுவத்துக்கே தோட்டா தயாரிக்கும் நாட்டில், பயிற்சிக்கான நம்பகமான .22 தோட்டா நியாய விலையில், தடையின்றிக் கிடைக்கச் செய்வது அசாத்தியமல்ல. தளம் கட்டுவதற்கு ஒரு முறை செலவு செய்தால் போதும். திறப்பு விழாவும் உண்டு. தோட்டாவுக்கு வருடந்தோறும் செலவு செய்ய வேண்டும்; விழா கிடையாது. வட்டியூர்க்காவில் அடுத்த 15 வயதுக்காரி யார் என்பதை அந்த இரண்டாவது செலவுதான் முடிவு செய்யும்.