ஏவுகணைத் தளத்தில் நட்ட சூரியகாந்தி

1996 ஜூன் 4 அன்று தெற்கு உக்ரைனில் பெர்வோமைஸ்க் என்ற ஊருக்கு அருகே மூன்று அமைச்சர்கள் குனிந்து சூரியகாந்தி நட்டார்கள். அமெரிக்காவின் வில்லியம் பெர்ரி, ரஷ்யாவின் பாவெல் கிராச்செவ், உக்ரைனின் வலேரி ஷ்மரோவ் ஆகிய மூவரும் பாதுகாப்பு அமைச்சர்கள். அதற்குச் சில காலம் முன்புவரை அந்த மண்ணுக்கடியில் அணு ஏவுகணைகள் இருந்தன. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டுகள் உக்ரைன் வசம் நின்றன. உலகின் மூன்றாவது பெரிய கையிருப்பு அது. அதில் கடைசிக் குண்டும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட மகிழ்ச்சியில்தான் செடி நட்டார்கள்.

குண்டுகளைக் கொடுத்ததற்கு ஈடாக உக்ரைனின் பாதுகாப்புக்குக் கிடைத்தது ஒரு காகிதம். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட் நகரில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன், உக்ரைன் ஆகிய நான்கும் கையெழுத்திட்டன. மொத்தம் ஆறே பத்திகள். உக்ரைனின் எல்லையை மதிப்போம், அதன்மீது படைபலத்தைப் பிரயோகிக்க மாட்டோம் என்பது சாரம். உக்ரைனிய, ரஷ்யப் பிரதிகளின் தலைப்பில் ‘உத்தரவாதம்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆங்கிலப் பிரதியிலோ அதைவிட இளகிய ‘உறுதிமொழி’. உத்தரவாதம் என்றால் ஆபத்துக் காலத்தில் படை அனுப்ப வேண்டியிருக்கும் என்பது அமெரிக்கத் தரப்புக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2014இல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோனது. 2022 பிப்ரவரி 24 அன்று முழுப் போர் தொடங்கியது. உக்ரைன் ஏன் அந்தக் காகிதத்தை நம்பியது? கையெழுத்திட்டவர்கள் ஏன் படையோடு வரவில்லை? ரஷ்யா ஏன் படையெடுத்தது? சர்வதேச உறவுகள் என்ற துறைக்குள் நுழைய விரும்பும் மாணவர்களுக்கு இந்த மூன்று கேள்விகளைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஒரே கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாது.

முதலில் யதார்த்தவாதம். ‘நாடுகளுக்கு நிரந்தர நண்பர்கள் இல்லை, நிரந்தர நலன்கள்தான் உண்டு’ என்று தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுகிறோம். அது கண்கூடான உண்மை என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கோட்பாட்டின் வாசகம். நமக்கு அநியாயம் நடந்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். நாடுகளுக்கு அப்படி ஒரு காவல் நிலையம் கிடையாது, அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் அடித்தளம். ஹான்ஸ் மார்கெந்தாவ் 1948இலும், கென்னத் வால்ட்ஸ் 1979இலும் எழுதிய நூல்கள் இதன் தூண்கள். இந்தச் சிந்தனை மேற்குலகுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அண்டை நாடு பகை, அதற்கு அடுத்த நாடு நட்பு என்று கணக்குப் போட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதற்கு வெகு முந்தையது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்துதான், மைசூரில் சாமசாஸ்திரி அதை 1909இல் அச்சேற்றினார்.

சிகாகோ பேராசிரியர் ஜான் மியர்ஷைமர் 1993இலேயே, உக்ரைன் அணு ஆயுதத்தைக் கைவிடக் கூடாது, கைவிட்டால் ரஷ்யாவைத் தடுக்க அதனிடம் எதுவும் இருக்காது என்று எழுதினார். அன்று அது விபரீத யோசனையாகப் பட்டது. இன்று தீர்க்கதரிசனம் என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த ஏவுகணைகளை ஏவும் அதிகாரம் மாஸ்கோவின் கையில் இருந்தது. பொருளாதாரம் சரிந்து கிடந்த ஒரு புதிய நாடு, இரண்டு வல்லரசுகளையும் பகைத்துக்கொண்டு அவற்றைப் பராமரித்திருக்க முடியுமா என்பது சந்தேகமே. ஆனால் யாரும் ஏன் படையோடு வரவில்லை என்ற கேள்விக்கு யதார்த்தவாதத்தின் பதிலை மறுக்க முடியாது. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டோடு இன்னொருவருக்காக யாரும் நேருக்கு நேர் மோத மாட்டார்கள்.

யதார்த்தவாதிகளைப் போர்வெறியர்கள் என்று நினைப்பதும் தவறு. வியட்நாம் போரை மார்கெந்தாவ் எதிர்த்தார். 2002இல், இராக் போர் வேண்டாம் என்று 33 அறிஞர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது, அதில் வால்ட்ஸும் மியர்ஷைமரும் இருந்தார்கள். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பது ஊர் நடப்பைச் சொல்லும் பழமொழி. அதையே நியாயமாக்கினால் வாய்க்கால் கடைமடைக்காரர் கதி என்ன? கிரிமியாவுக்குப் பிறகு, நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியை விரிவுபடுத்திய மேற்குலகின் மீதுதான் குற்றம் என்று மியர்ஷைமர் எழுதினார். ரஷ்யாவின் அச்சத்துக்கு அந்தக் கட்டுரையில் இருக்கும் இடம் உக்ரைன் மக்களின் விருப்பத்துக்கு இல்லை.

உக்ரைன் ஏன் நம்பியது என்பதற்குத் தாராளவாதத்தில் விடை இருக்கிறது. ஒப்பந்தம், வணிகம், பொது அமைப்புகள் ஆகியவை நாடுகளைக் கட்டிப்போடும் என்பது 1795இல் தத்துவஞானி காண்ட் எழுதிய காலந்தொட்டு வரும் நம்பிக்கை. முதல் உலகப் போரின் பிணக்குவியலைப் பார்த்து, இனி இப்படி நடக்கக் கூடாது என்றுதான் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் 1919இல் இத்துறையின் முதல் பேராசிரியர் பதவியே உருவானது. பின்னாளில் அதே பதவியில் இருந்த இ.எச். கார், 1939இல் அந்த நம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு நூல் எழுதினார். அண்மைக் காலத்தில், ரஷ்ய எரிவாயுவை வாங்கினால் ரஷ்யா அடங்கியிருக்கும் என்று ஜெர்மனி கடலடியில் குழாய் போட்டது. குழாயால் போரைத் தடுக்க முடியவில்லை. அதற்காகத் தாராளவாதத்தைத் தூக்கி எறியவும் முடியாது. தலைமுறைக்கு ஒரு முறை மோதிக்கொண்ட ஜெர்மனியும் பிரான்ஸும் இன்று போர் அச்சமின்றி அருகருகே வாழ்கின்றன.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு யதார்த்தவாதம் போதவில்லை. நேட்டோ நெருங்கிவந்த அச்சமே காரணம் என்றால், சுமார் 1,300 கி.மீ. எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தபோது ரஷ்யா அதன்மீது ஏன் பாயவில்லை? படை உக்ரைனில் சிக்கியிருந்தது என்று பதில் வரும். அது பாதி பதில்தான். அலெக்சாண்டர் வெண்ட் 1990களில் முன்வைத்த கட்டுமானவாதம், ஆயுதத்தின் எண்ணிக்கையைவிட அதை வைத்திருப்பவரை நாம் யாராகப் பார்க்கிறோம் என்பதே முக்கியம் என்கிறது. பிரிட்டனின் 500 அணுகுண்டுகளைவிட வட கொரியாவின் 5 அமெரிக்காவை அதிகம் அச்சுறுத்தும் என்பது அவர் தந்த உதாரணம். 2021 ஜூலையில் புதின் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்பது அதன் வாதம். பின்லாந்துக்காரர்களைப் பற்றி அவர் அப்படி எழுதவில்லை. படை புறப்படும் முன்பே, உக்ரைன் தனி நாடு என்பது அவர் மனதில் அழிந்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

மூன்று கோட்பாடுகளுமே தலைநகரங்களை மட்டும் பார்ப்பவை என்ற குறை எனக்கு உண்டு. பெண்கள் எங்கே என்று பெண்ணிய அறிஞர் சிந்தியா என்லோ கேட்ட பிறகுதான், படைமுகாமைச் சுற்றியுள்ள வீடுகளும் வயல்களும் இத்துறையின் கண்ணில் பட்டன. இந்தப் போரும் தலைநகரங்களோடு நிற்கவில்லை. 2022 மார்ச்சில் நம் வீடுகளில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. இந்தியா வாங்கியதில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே மருத்துவம் படித்த தமிழகப் பிள்ளைகள் பதுங்கு அறைகளில் காத்துக்கிடந்தார்கள்.

2024 டிசம்பர் 3 அன்று, உக்ரைன் வெளியுறவு அமைச்சர் ஆந்திரி சிபிகா பிரஸ்ஸல்ஸில் நேட்டோ தலைமையகத்துக்குப் போனபோது புடாபெஸ்ட் ஒப்பந்தத்தின் பிரதியைக் கையோடு கொண்டுசென்று செய்தியாளர்களிடம் காட்டினார். நேட்டோ உறுப்பினர் ஆவதற்கு ஈடாக வேறு எதையும் ஏற்கமாட்டோம் என்று அன்று அவருடைய அமைச்சகம் அறிவித்தது.